ஒரே சுவர், பதினோரு படம்

திருநெல்வேலி கொக்கிரகுளத்தில் ஆற்றை ஒட்டிய சந்து ஒன்றில் பழைய கிட்டங்கி (சரக்குக் கிடங்கு) ஒன்று பூட்டிக் கிடக்கிறது. அதன் மதில் 32 அடி நீளம், 8 அடி உயரம். அளந்ததெல்லாம் பின்னால்தான். 2024 மாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கறி வாங்கப் போன வழியில் அந்த மதில் கண்ணில் பட்டபோது, ஒரு வருஷம் இதன் பின்னாலேயே அலையப் போகிறேன் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

2023 டிசம்பர் 17, 18 வெள்ளம் இந்தச் சந்துக்குள்ளும் வந்து போயிருந்தது. கலெக்டர் ஆபீஸ் வளாகத்திலேயே தண்ணீர் நின்ற நாட்கள் அவை. மதிலில் இடுப்பு உயரத்துக்குப் பழுப்பாக ஒரு கோடு ஓடியது. தண்ணீர் நின்ற மட்டம் அது. ஆனால் ஈரம் கோட்டோடு நிற்கவில்லை, செங்கல் உறிஞ்சி இன்னும் ஒன்றரை அடி மேலே ஏறியிருந்தது. ஈரம் காயக் காய உப்புப் பூத்து, அது பல வருஷத்துச் சுண்ணாம்பைப் பின்னாலிருந்து நெட்டித் தள்ள, வெள்ளை பக்குப் பக்காக உதிர்ந்து கிடந்தது. உதிர்ந்த இடத்தில் சிவப்பு எழுத்து, அதற்கு மஞ்சள் நிழல்: ‘குறைந்த விலை’.

அந்த ‘லை’தான் என்னை நிறுத்தியது. இன்று எழுதுகிற லை இல்லை. துதிக்கையைத் தூக்கிக்கொண்டு நிற்கும் பழைய லை. 1978 அக்டோபரில் வந்த எழுத்துச் சீர்திருத்த ஆணைக்குப் பிறகு பள்ளிக்கூடத்தில் சேர்ந்த எனக்கு, அது தாத்தாவின் பழைய கடுதாசிகளில் மட்டும் பார்த்த எழுத்து. நடுத்தெருவில் ஒரு முழ உயரத்துக்கு நின்றது.

கறிப்பையை ஒரு கையில் பிடித்துக்கொண்டு மறுகையால் நான்கு படம் எடுத்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் நான்கும் குப்பை.

எதெல்லாம் கெட்டது என்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் முதல் தடவை எல்லோரும் இதையேதான் செய்வோம். சுவருக்கு மிகக் கிட்டே நின்றேன். முழுதும் விழவில்லை என்று போனை மேல்நோக்கிச் சாய்த்தேன். அதனால் சுவரின் மேல் பக்கம் ஒடுங்கி, எழுத்துகள் தொப்பி சரிந்த போலீஸ்காரர் மாதிரி பின்னால் சாய்ந்துவிட்டன. நீளம் கொள்ளவில்லை என்று பனோரமாவில் போட்டேன். பனோரமா என்பது நாம் ஒரே இடத்தில் நின்று உடம்பைத் திருப்புகிறோம் என்ற கணக்கில் வேலை செய்வது. மலை, கடல், தாமிரபரணி மண்டபப் படித்துறை என்றால் சரியாக வரும். சந்துக்குள் தட்டையான சுவரை அப்படி எடுத்தால் நடுப்பகுதி கிட்டே, இரண்டு முனையும் தூரம். ஆகவே நடுவில் தொப்பை விழும். என் மதில் கர்ப்பிணிப் பூனை போல வந்திருந்தது.

சரி, அடுத்த வாரம் நிதானமாகப் போய் எடுக்கலாம் என்று விட்டேன். அடுத்த வாரம் ஒரு கல்யாணம், அதற்கடுத்த வாரம் வேறு ஏதோ சோலி. மார்ச் 16, சனிக்கிழமை, மக்களவைத் தேர்தல் தேதி அறிவித்தார்கள். அறிவித்த நிமிஷத்திலிருந்து நடத்தை விதி. அரசுக் கட்டடங்களில் உள்ள சுவர் விளம்பரத்தை 24 மணி நேரத்துக்குள், பொது இடங்களில் 48 மணிக்குள், தனியார் சுவரில் அனுமதியில்லாமல் எழுதியிருந்தால் 72 மணிக்குள் அழிக்க வேண்டும். கிட்டங்கி மதிலின் மேல் பாதியில் ஒரு கட்சிச் சின்னம் மங்கலாக இருந்தது. 24ஆம் தேதி நான் போய் நின்றபோது சின்னம் இல்லை. அதோடு சேர்த்து ‘குறைந்த விலை’யும் இல்லை. சுண்ணாம்பு வாளியோடு வந்தவருக்கு எது கட்சி, எது ஜவுளி என்று பார்த்துக்கொண்டிருக்க நேரம் ஏது. மதில் முழுக்கப் பால் மாதிரி வெள்ளை.

வயிறு எரிந்தது. ஆனாலும் அந்த வெள்ளைச் சுவரையும் ஒரு படம் எடுத்துவைத்தேன். இதை எரிச்சலில் செய்தேனே தவிர யோசித்துச் செய்யவில்லை. இப்போது பார்த்தால் உருப்படியாகச் செய்த முதல் காரியம் அதுதான். கறிப்பை நாளில் எடுத்த நான்கில் சுமாரானது ஒன்றாம் படம், இந்த வெள்ளை இரண்டாம் படம். அன்றிலிருந்து நம் ஊர்ச் சுவரை ஓவியம் மாதிரி நினைப்பதை விட்டுவிட்டேன். ஓவியத்தை ஒரு தடவை நன்றாக எடுத்தால் முடிந்தது. சுவரை ஒரு தடவை எடுத்தால் ஒன்றும் எடுத்ததாகாது. அதே இடத்தில் நின்று, அதே உயரத்தில், மறுபடி மறுபடி எடுக்க வேண்டும்.

ஆகவே நிற்கிற இடத்தை முதலில் சரிசெய்தேன்.

சந்து 11 அடி அகலம். எதிர்வீட்டுத் திண்ணையை ஒட்டி முதுகைச் சாய்த்து நின்றால் மதிலுக்கும் போனுக்கும் 10 அடி கிடைக்கும். என் போனின் சாதாரண லென்ஸ், அதாவது ஒன்று என்று காட்டுகிற அளவு, 10 அடியில் படுக்கைவசத்தில் சுமார் 13 அடி அகலத்தையும் நெடுக்குவசத்தில் 9 அடி அகலத்தையும் பிடிக்கிறது. நெடுக்குவசத்தில்தான் எடுத்தேன், 8 அடி உயரம் தாராளமாக அடங்குகிறது. போனைச் சுவரின் பாதி உயரத்தில், அதாவது தரையிலிருந்து 4 அடியில், மார்புக்குக் கொஞ்சம் கீழே பிடித்தால் சாய்க்கிற வேலையே இல்லை. திரையில் கட்டக்கோடுகளைப் போட்டுக்கொண்டு, கோட்டை மதிலின் மேல் விளிம்போடு பொருத்திப் பார்த்துவிட்டு அமுக்க வேண்டும். அகலக் கோணம் என்று இன்னொரு லென்ஸ் இருக்கிறதே, அதைத் தொடவே கூடாது. ஓரத்து எழுத்துகளை ரப்பராக இழுத்துவிடும்.

இப்படி ஒரு படம், பிறகு மதிலுக்கு இணையாகப் பக்கவாட்டில் இரண்டு எட்டு, சுமார் 5 அடி, நகர்ந்து அடுத்த படம். ஆறு படத்தில் மதில் முடிந்துவிடும். ஒன்றோடொன்று பாதிக்குக் கொஞ்சம் குறைவாக ஒன்றின்மேல் ஒன்று ஏறியிருக்கும், ஒட்டுவதற்கு அது வேண்டும். எட்டு தவறாமலிருக்கச் சாக்பீஸால் தரையில் ஆறு கோடு போட்டேன்.

அங்கேதான் எதிர்வீட்டு ஆச்சி பிடித்துக்கொண்டார்கள்.

“ஏ ஐயா, என்னத்த எடுக்கே? தீர்வையக் கூட்டப் போறாவளா?”

“இல்ல ஆச்சி, எதுத்த செவுத்த எடுக்கேன்.”

“அதுல என்ன இருக்கு? வெள்ளையால்லா இருக்கு?”

உண்மையில் அன்று வெள்ளையாகத்தான் இருந்தது. என்ன சொல்ல? மாசியில் எடுத்த கோணல் படத்தைக் காட்டினேன். கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிப் பார்த்தார்கள். “ஆமா, ஜவுளிக்கட வெளம்பரம். நான் வாக்கப்பட்டு வந்தப்பமே இருந்துச்சு” என்றார்கள். எந்தக் கடை என்று கேட்டேன். நினைவில்லை. “கோடு மட்டும் வாசல்ல போடாத, காலைல கோலம் போடுத எடம்.” கோட்டை அழித்துவிட்டு, ஆச்சி வீட்டுத் திண்ணை ஓரத்துக் கல்தளத்தின் பொருத்துக்களை அடையாளமாக வைத்துக்கொண்டேன். எத்தனை மழை வந்தாலும் அழியாத அடையாளம். அதன்பின் ஒவ்வொரு தடவையும் மோரோ பானகமோ கிடைத்தது உபரி.

யாருடைய வீட்டு முன்னால் நிற்கிறோமோ அவர்களிடம் முதலில் ஒரு வார்த்தை சொல்லிவிடுவது நல்லது. நம்மூரில் சுவரைப் படம் எடுப்பவன் ஒன்று தீர்வை ஆபீஸ், இல்லாவிட்டால் இடம் வாங்க வந்த புரோக்கர். மூன்றாவது ஒரு ஆள் இருக்க முடியும் என்று யாரும் நம்புவதில்லை.

இந்த ஆறையும் ஒட்டி ஒரே படமாக்குகிற வேலை ராத்திரி வீட்டில். ஹியூகின் என்று ஒரு இலவச மென்பொருள். அதுவும் முதலில் பனோரமா மாதிரியே, ஆள் ஒரே இடத்தில் நின்று திரும்பியதாகத்தான் கணக்குப் போடும். நகர்ந்து நகர்ந்து எடுத்தேன் என்று அதற்குச் சொல்ல வேண்டும். எக்ஸ், ஒய், இசட் என்ற இடப்பெயர்ச்சி அளவுகளையும் சேர்த்துக் கணக்கிடும்படி மாற்றினால் தொப்பை போய்விடும். இரண்டு படத்திலும் பொதுவாக உள்ள புள்ளிகளை நானே காட்டிக்கொடுத்தேன்: காரை பெயர்ந்த ஓட்டை, ஆணி, செங்கல் மூலை. வெள்ளைச் சுவரில் தானாகத் தேடச் சொன்னால் அது பாவம், எதைத்தான் கண்டுபிடிக்கும்.

மின்கம்பம் ஒன்று தொந்தரவு கொடுத்தது. மதிலுக்கு ஓரடி முன்னால் நிற்கிறது. சுவர் தட்டை என்பதால் அது ஒட்டும். கம்பம் முன்னால் தள்ளி நிற்பதால் ஒவ்வொரு படத்திலும் வேறு வேறு இடத்தில் விழும், ஒட்டினால் இரண்டு கம்பமாகும், சில சமயம் பாதிக் கம்பம் காற்றில் தொங்கும். இடமும் வலமும் சாய்வாக இரண்டு படம் கூடுதலாக எடுத்து, கம்பம் மறைக்கிற பகுதியை அதிலிருந்து வெட்டி வைத்துப் பார்த்தேன். அப்புறம் அதை விட்டுவிட்டேன். கம்பம் நிற்கிறது, நிற்கட்டும். அதைத் துடைத்துவிட்டு ஒரு சுவரைக் காட்டினால் ஆச்சிக்கே அடையாளம் தெரியாது.

நிறத்தில் ஒரு கூத்து நடந்தது. மஞ்சள் அதிகமுள்ள சுவரை எடுத்தால் போன் தானாக அதைச் சமன்செய்கிறேன் பேர்வழி என்று நீலத்தை ஏற்றிவிடும். அதற்கு ஒரு வெள்ளைப் பொருளைச் சுவரோடு சேர்த்துப் பிடித்து ஒரு படம் எடுத்து, பின்னால் அதை வைத்து நிறத்தைத் திருத்த வேண்டும் என்று படித்திருந்தேன். பேட்டைப் பக்கம் ஒரு அரிசி ஆலைச் சுவரை எடுக்கப் போன அன்று காகிதம் மறந்துபோயிற்று. உடுத்தியிருந்த வேட்டியின் நுனியைத் தூக்கிப் பிடித்து எடுத்தேன். (சந்தில் யாரும் இல்லை.) வீட்டில் திருத்திப் பார்த்தால் மொத்தச் சுவரும் காமாலை கண்ட மாதிரி. நான்கைந்து தடவை செய்தும் அப்படியே. கடைசியில் கொடியில் தொங்கிய வேட்டியைப் பார்த்தபோதுதான் உறைத்தது: என் வீட்டில் வேட்டிக்கு நீலம் போடுகிறார்கள். நம் கண்ணுக்குப் பளிச்சென்று வெள்ளை, உண்மையில் இளநீலம். அந்த நீலத்தை வெள்ளை என்று நம்பிய மென்பொருள், அதை ஈடுகட்ட எல்லாவற்றிலும் மஞ்சளை ஊற்றியிருக்கிறது. இப்போது பையில் ஒரு சாம்பல் நிற அட்டை வைத்திருக்கிறேன்.

வெயில் விஷயத்தில் நான் கற்றதுதான் இதில் பெரிது.

கிட்டங்கி மதில் வடக்குப் பார்த்தது. வடக்குச் சுவரில் வெயில் விழாது, எந்நேரமும் ஒரே நிழல், படத்துக்கு உகந்தது என்று நினைத்திருந்தேன். தை, மாசியில் அது சரி. ஆனால் திருநெல்வேலி நிலநடுக்கோட்டிலிருந்து ஒன்பது பாகைக்கும் குறைவான தூரத்தில் இருக்கிறது. சித்திரை பிறக்கிற சமயத்தில் உச்சி வெயில் நேர் தலைக்குமேல், கம்பத்துக்கு நிழலே இருக்காது. அதன்பின் ஆவணி பாதிவரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே நிற்கும். அந்த நாலரை மாதம் தெற்குச் சுவர் நிழலில், வடக்குச் சுவர் வெயிலில். நண்பகல் என்றாலும் கடிகாரத்துப் பன்னிரண்டு இல்லை, நம் ஊருக்கு அது பன்னிரண்டு இருபது, இருபத்தைந்து. இதை எந்தப் புத்தகத்திலும் தேடிப் போகவில்லை. ஆனி மாதம் ஒரு மத்தியானம் ஆச்சி வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பானகம் குடித்தபோது எதிரே நடந்தது.

அன்று சாரல் மேகம் விலகி வெயில் பளீரென்று விழுந்தது. சூரியன் மதிலின் தலைக்குமேல் சற்றே வடக்கே சாய்ந்து நின்றதால், வெளிச்சம் சுவரைத் தடவிக்கொண்டே மேலிருந்து கீழே இறங்கியது. சுவரில் கை வைத்து வழித்த மாதிரி. அந்தச் சாய்வில் ஒவ்வொரு மேடும் தன் நிழலைக் கீழே நீட்டியது: காரையின் கரணை வரி, பூச்சில் சிக்கிய தூரிகை மயிர், எல்லாம். வெறும் வெள்ளையாக இருந்த இடத்தில் மெல்லிய நிழல்களாக எழுத்து எழும்பியது.

பழைய எழுத்து எனாமலில் எழுதியது. எனாமல் தடிமனாக நிற்கும். அதன்மேல் சுண்ணாம்பை ஒரு பூச்சுப் பூசினால் நிறம் மறையும், விளிம்பு மறையாது. சிவப்பும் மஞ்சளும் போய், எழுத்தின் எலும்பு மட்டும் தெரிந்தது. ‘குறைந்த விலை’க்கு மேலே இன்னும் இரண்டு வரி இருந்திருக்கிறது. முதல் வரியில் கடைப்பெயர். அதில் முதல் இரண்டு எழுத்தும் காரையோடு போயிருந்தன. இரண்டாம் வரி தெளிவாக ‘ஜவுளி ஸ்டோர்’. டம்ளரை வைத்துவிட்டு எடுத்தேன். ஐந்தாம் படம். இருபத்தைந்து நிமிஷத்தில் மேகம் மூடியது, சுவர் மறுபடி வெள்ளையாயிற்று. ஆச்சி சிரித்த சிரிப்பு, “அந்தா, ஓடிப் போச்சு பாரு!”

அதன்பின் ஆடி முழுக்க நண்பகலில் வேறு சுவர்களையும் போய்ப் பார்த்தேன். டவுனில் ரத வீதியை ஒட்டிய சந்து ஒன்றில் வெள்ளைக்கு அடியில் குடும்பக் கட்டுப்பாட்டு முக்கோணம் தலைகீழாகத் தெரிந்தது. பாளையங்கோட்டையில் ஒரு சுவரில் ‘நெல்லை கட்டபொம்மன் மாவட்டம்’ என்ற வரி. மாவட்டங்களுக்குத் தலைவர்கள் பெயர் இருந்து 1997இல் எடுக்கப்பட்டதல்லவா, ஆகவே அந்த எழுத்துக்கு வயது அதற்கு முன்னால். ‘நகராட்சி’ என்று இருந்தால் 1994க்கு முந்தியது, அப்போதுதான் நெல்லை மாநகராட்சியானது. இப்படிச் சுவர் தன் வயதைத் தானே சொல்லும் இடங்கள் உண்டு.

ஆனால் என் பழைய ‘லை’யை வைத்து நான் போட்ட கணக்கு தப்பு. 1978க்கு முன் எழுதியது என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். திருத்தியவர் மேலப்பாளையம் போகும் ரோட்டில் ஒரு பள்ளிச் சுவரில் எழுதிக்கொண்டிருந்த ஆர்ட்டிஸ்ட் அண்ணாச்சி. அறுபது தாண்டியவர். ஏணியில் நின்றபடியே என் போனை வாங்கி, விரலால் பெரிதாக்கிப் பார்த்தார்.

“புது எழுத்து வந்த பொறவும் ரொம்ப நாளு பழசத்தான் எழுதுனோம் தம்பி. கை அப்படியே போயிரும். கடக்காரரும் ஒண்ணும் சொல்லமாட்டாரு. எண்பத்தஞ்சுல கூட எழுதியிருப்பான்.” அப்புறம் இன்னும் பெரிதாக்கினார். “கை நல்ல கை. ‘ஜ’வுலதான் தடுமாறியிருக்கான். வயித்தப் பாருங்க, கீழ எடம் பத்தாம நெரிச்சுட்டான்.”

நாலு மாசமாக அந்த எழுத்தைக் கும்பிடாத குறையாகப் பார்த்துவந்த எனக்கு இது ஒரு அடி. ஆனால் சொன்னபின் எனக்கும் தெரிந்தது. ‘ஜ’ நெரிந்துதான் இருக்கிறது.

அன்று மத்தியானம் வரை அவர் வேலையை உட்கார்ந்து பார்த்தேன். முதலில் நூல் அடிக்கிறார். நீலப்பொடி தடவிய நூலை இந்த முனையில் ஒரு பையன், அந்த முனையில் அவர் இழுத்துப் பிடித்து, நடுவில் சுண்டிவிட்டால் சுவரில் மயிரிழையாக நீலக்கோடு. எழுத்தின் தலைக்கு ஒன்று, காலுக்கு ஒன்று. பிறகு சாக்பீஸால் எழுத்துகளின் இடத்தை மட்டும் லேசாகக் கோடு காட்டுகிறார். ‘ழ’வுக்கும் ‘ஞ’வுக்கும் ஓர் இடம் கூடுதல், ‘ர’வுக்குக் குறைவு, மெய்யெழுத்துப் புள்ளிக்கு மேலே மூச்சுவிட இடம். ஒரு அங்குலப் பட்டைத் தூரிகையை எனாமலில் முக்கி, டின் விளிம்பில் இரண்டு பக்கமும் வழித்துவிட்டு, சுண்டுவிரலைச் சுவரில் ஊன்றிக்கொண்டு ஒரே இழுப்பு. ‘கு’வின் வால் வளைகிற இடத்தில் தூரிகையை விரலுக்குள்ளேயே உருட்டுகிறார். அதனால்தான் வளைவில் கோடு மெலியாமல் வருகிறது. நான் எடுத்த நாற்பது படத்திலும் அந்த உருட்டல் விழவில்லை. வீடியோவில்தான் அகப்பட்டது, அதுவும் மெதுவாக ஓடவிட்டால்.

எனாமலில் வெயில் பட்டால் வெள்ளையாகப் பளபளத்து எழுத்தே தெரியாது. போலராய்டு கூலிங்கிளாஸை லென்ஸுக்கு முன்னால் பிடித்துச் சுழற்றினால் பளபளப்புப் போகும் என்று யாரோ சொல்லி அதையும் செய்துபார்த்தேன். சாய்வாக நின்றால் போகிறது. நேரே நின்றால் ஒன்றும் ஆவதில்லை, படம் இருட்டாவதுதான் மிச்சம். சுவரை நேரே எடுக்கிற என் வேலைக்கு அது உதவாது. வேறு நேரத்தில் வருவதுதான் வழி.

அவர்கூட இந்தத் தொழிலில் இருந்தவர்கள் எங்கே என்று கேட்டேன். “ஃபிளக்ஸ் வந்த பொறவு ரெண்டு பேரு ஆட்டோ ஓட்டப் போயிட்டாவ. ஒருத்தரு ஃபிளக்ஸ் கடையிலயே டிசைனுக்கு உக்காந்துட்டாரு.” இறங்கி வந்து தண்ணீர் குடித்துவிட்டு, நான் எடுத்த படத்தைக் காட்டச் சொன்னார். எழுத்தைப் பார்க்கவில்லை. நேரே கீழ் மூலைக்குப் போனார். “எம்பேரு தெரியுதா?” வெட்டுப்பட்டிருந்தது. பள்ளியின் பெயர், போன் நம்பர், பதினொரு நன்கொடையாளர் பெயர் எல்லாம் இருக்கிறது, எழுதியவர் பெயரை நான்தான் ஓரத்தில் வெட்டியிருந்தேன். மறுபடி எடுத்தேன். அன்றிலிருந்து நான்கு மூலையும் விழாத படம் என் கணக்கில் படமில்லை.

சட்டத்திலும் இதற்கு ஒரு வேடிக்கை உண்டு. 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டம் பொது இடத்தில் நிரந்தரமாக இருக்கிற சிலையையும் கைவினைப் படைப்பையும் படமெடுத்து வெளியிடலாம் என்று விலக்குக் கொடுக்கிறது. அந்த விலக்கில் ஓவியம் வரவில்லை. இன்னொரு பக்கம், பொதுப் பார்வையில் உள்ள இடத்தில் அனுமதியில்லாமல் எழுதுவதே 1959ஆம் ஆண்டு தமிழ்நாட்டுச் சட்டப்படி குற்றம். வரைந்தவனுக்கு உரிமையும் உண்டு, தண்டனையும் உண்டு. நான் செய்வது: ஆளைத் தெரிந்தால் கேட்டுக்கொண்டு பெயரோடு போடுகிறேன். விற்பதில்லை.

எல்லாச் சுவரையும் வெளியில் காட்டுவதும் இல்லை. நம் பக்கத்தில் கம்பங்களிலும் பாலத்துத் திண்டுகளிலும் சில நிறங்களை வரிசையாகப் பூசியிருந்தால் அது அழகுக்குப் பூசியது இல்லை என்று எல்லோருக்கும் தெரியும். இந்த எல்லை யாருடையது என்று சொல்கிற நிறம் அது. அதிகாரிகள் அழிப்பதும் மறுபடி யாரோ பூசுவதும் நடக்கிறது. அதையும் எடுத்துவைத்திருக்கிறேன், அழித்தபின் இருக்கிற சாம்பல் பட்டையையும் சேர்த்து. ஊர்ப்பெயரோடு பொதுவில் போடுவது எரிகிறதில் எண்ணெய் ஊற்றுகிற காரியம், அதனால் போடமாட்டேன்.

மேம்பாலத் தூண்களிலும் அரசு அலுவலகச் சுவர்களிலும் வரைகிற புதுப் படங்களைப் பற்றிச் சிலர் கேட்டார்கள். ஜல்லிக்கட்டு, பரதநாட்டியம், மரம் நடும் சிறுமி. போஸ்டரை விட நூறு மடங்கு தேவலை. ஆனால் அதே படத்தைச் சேலத்திலும் பார்க்கலாம், ஈரோட்டிலும் பார்க்கலாம். சென்னை கண்ணகி நகரில் அடுக்குமாடிச் சுவர் அளவுக்குப் பெரிதாக வரைந்தார்களே, அதில் அங்கே குடியிருக்கிறவர்களின் முகங்கள் இருக்கின்றன. இங்கே அப்படி ஒரு ஆச்சி முகம் வந்தால் நான் தினமும் போய் எடுப்பேன். சுவரில் சித்திரம் எழுதுவது நமக்கொன்றும் புதிதில்லை. குற்றாலம் சித்திர சபையில் நடராசரே சுவர்ச் சித்திரமாகத்தான் இருக்கிறார். திருப்புடைமருதூர்க் கோபுரத்துக்குள் ஐந்து நிலையிலும் சுவரெல்லாம் ஓவியம். அங்கெல்லாம் போனைப் பைக்குள் போட்டுவிட்டுப் பார்த்துவிட்டு வந்தேன். சுடலைமாடன் கோயில்களில் கொடை என்கிற திருவிழா வரும்போதெல்லாம் பீடத்துக்குச் சுண்ணாம்பும் காவியும், சிலைக்குப் புது எனாமலும் அடிப்பார்கள். அதை எடுக்க ஆசைப்பட்டால் கொடைக்கு முந்தின வாரம், செருப்பைக் கழற்றிவிட்டு, பூசாரியிடம் கேட்டுவிட்டுப் போக வேண்டும். மீசை முறுக்கு ஒவ்வொரு வருஷமும் ஒவ்வொரு மாதிரி இருக்கிறது.

படங்களுக்குப் பெயர் வைப்பதில் சோம்பலால் ஆரம்பத்தில் நிறைய இழந்தேன். ‘சுவர் புதுசு’, ‘சுவர் புதுசு நல்லது’ என்று வைத்தால் ஆறு மாதத்தில் எது எதுவென்று தெரியாது. இப்போது வருஷம்-மாதம்-தேதி, ஊர், தெரு, சுவர் பார்க்கும் திசை என்ற வரிசையில் வைக்கிறேன். போன் காட்டுகிற இருப்பிடம் சந்துக்குள் பத்து மீட்டர்கூடத் தள்ளிப் போகிறது. பக்கத்து மின்கம்பத்தின் எண்ணையோ கதவு எண்ணையோ நோட்டில் எழுதிவைப்பது அதைவிட நம்பகமானது.

கிட்டங்கி மதிலுக்கு வருகிறேன். உப்பு ஏறிய சுவரில் ஒரு பூச்சுச் சுண்ணாம்பு எத்தனை நாள் நிற்கும்? ஆவணிக் கடைசியிலேயே கீழ்ப்பகுதி மறுபடி உரிய ஆரம்பித்தது. ஐப்பசி மழைக்குப் பிறகு ‘குறைந்த விலை’ முழுதாக வெளியே வந்துவிட்டது. ஏழாம் படம், எட்டாம் படம். இதற்கிடையில் சந்துப் பையன்கள் அதன்மேல் கரியால் மூன்று ஸ்டம்பு வரைந்துவிட்டார்கள். சரியாக ‘வி’க்கும் பழைய ‘லை’க்கும் நடுவில். எட்டாம் படத்தில் ஸ்டம்பின் உயரம் என் முழங்காலுக்கு. ஒன்பதாம் படத்தில் அதை அழிக்காமல் மேலே இன்னும் நான்கு விரற்கடை கூட்டியிருக்கிறார்கள். பெரிய பையன்கள் சேர்ந்துவிட்டார்கள் போல. ரப்பர் பந்து பட்ட இடமெல்லாம் வட்டம் வட்டமாகச் செம்மண் முத்திரை. ஆஃப் ஸ்டம்புக்கு வெளியில்தான் அதிகம். பந்துவீச்சு சுமார்.

2025 தைப் பொங்கல் கழிந்து பத்தாம் படம் எடுக்கப் போனேன். மதிலின் முன்னால் ஏணி. அண்ணாச்சி. ஒரு டியூஷன் சென்டர் விளம்பரத்துக்குச் சுவரை வாடகைக்குப் பேசியிருக்கிறார்கள். பையன் உப்புத்தாள் வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தான், மேல் பாதியில் சுண்ணாம்பு போய் ‘ஜவுளி’ சிவப்பாகவே தெரிந்தது.

“அண்ணாச்சி, இதத்தான் அன்னைக்குக் காட்டுனேன்.”

“தெரியுது. அந்த ‘ஜ’ல்லா.”

கொஞ்சம் நேரம் கொடுங்கள் என்று கேட்டு, ஆச்சி வீட்டுத் திண்ணையில் என் கல்பொருத்துகளில் நின்று ஆறும் எடுத்தேன். பத்தாம் படம். இருப்பதிலேயே அதுதான் தெளிவானது. மூன்று வரியும் உண்டு, ஸ்டம்பு உண்டு, வெள்ளக் கோடும் உண்டு. பையன் டீ வாங்கப் போயிருந்தான்.

“தம்பி, சும்மாதான நிக்கீய. இந்த முனையப் பிடிங்க.”

பிடித்தேன். நூலில் நீலம் ஈரமாக இருந்தது. அவர் அந்த முனையில் இழுத்து, எட்டி நடுவில் சுண்டினார். ‘ஜவுளி ஸ்டோர்’ நெஞ்சுக்குக் குறுக்கே ஒரு நீலக்கோடு விழுந்தது. கீழே இன்னொன்று. கையைத் துடைக்காமலே போனை எடுத்து ஒன்று அமுக்கினேன், திண்ணைக்குப் போகாமல், அளவு பார்க்காமல். அது பதினோராவது.

“எடுத்தாச்சா? செத்த தள்ளி நில்லுங்க, பிரைமர் அடிக்கணும்.”